ரிங் ஓரம்: தாய்லாந்தின் ஐம்பது கிலோ சாம்பியன்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் தாய்லாந்து வீரர்கள் பற்றியவற்றை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: காவ்சாய் கேலக்ஸி பெரியவரா, போங்சாக்லெக் வொன்ஜொங்காம் பெரியவரா? நண்பர்களுக்குள் தீராத வழக்காக இருக்கிறது. தீர்த்து வையுங்கள் சார்.
– கல்லூரி மாணவர், அரூர்

ப: காவ்சாய்தான். ஆனால் எதிர்க்கட்சி பேசுவதிலும் நியாயம் இருக்கிறது.

காவ்சாய் 1984 நவம்பரில் உலகக் குத்துச்சண்டைச் சங்கமான டபிள்யூ.பி.ஏ.வின் சூப்பர் ஃப்ளைவெயிட் பட்டத்தை வென்றார். எடை வரம்பு 52.16 கிலோ. அதன் பிறகு 19 முறை பட்டத்துக்குச் சவால் வந்தது. 19 முறையும் காத்துக்கொண்டார். அதில் 16 பேர் கடைசி மணி வரை நிற்கவில்லை. 1991 டிசம்பரில் பெல்ட் இடுப்பில் இருக்கும்போதே விலகினார். மொத்தம் 47 வெற்றி, 1 தோல்வி. வெற்றிகளில் 41 நாக் அவுட். அந்த ஒரே தோல்வியும் 1981-ல், பட்டம் வருவதற்கு முன்னால் நடந்தது.

சின்ன எடையில் சண்டைகள் பெரும்பாலும் புள்ளிக்கணக்கில்தான் முடியும். வேகம் இருக்கும், ஆளைச் சாய்க்கும் பாரம் இருக்காது. காவ்சாய்க்கு இரண்டும் இருந்தது. இடக்கைக்காரர். நேராக உள்ளே நடந்து வருவார், வருகிற வழியில் இரண்டு குத்து வாங்கினாலும் கவலைப்பட மாட்டார், இடக்கையை வயிற்றில் இறக்குவார். நாலைந்து சுற்றில் எதிராளியின் முழங்கை தானாக விலாவைக் காக்க இறங்கிவிடும். அப்போது முகம் திறந்திருக்கும். சொந்த ஊர்ப் புலி என்றும் தள்ளிவிட முடியாது: 1987-ல் ஜகார்த்தாவுக்கே போய், இந்தோனேசியாவின் எலியாஸ் பிகாலை 14-வது சுற்றில் வீழ்த்தினார். இரட்டைப் பிறவியான காவ்கோர் 1988-ல் பேன்டம்வெயிட் பட்டம் வென்றார். உலகப் பட்டம் வென்ற முதல் இரட்டையர் இவர்கள்தான்.

குறை ஒன்று உண்டு. அதே எடையில் இன்னொரு உலக அமைப்பான டபிள்யூ.பி.சி.யின் பெல்ட் வைத்திருந்த ஜப்பானின் ஜிரோ வதனாபேயோடும் மெக்சிகோவின் கில்பர்டோ ரோமனோடும் அவர் மோதவே இல்லை. மோதியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது.

போங்சாக்லெக் ஒரு படி கீழே, 50.8 கிலோ ஃப்ளைவெயிட். 2001 மார்ச்சில் பட்டம், தொடர்ந்து 17 முறை தக்கவைப்பு. 2002-ல் ஜப்பானின் டைசுகே நைட்டோவை 34 வினாடியில் முடித்தார். அதே நைட்டோதான் 2007-ல் பெல்ட்டைப் பிடுங்கினார். 2010-ல் ஜப்பானிலேயே கோகி கமேடாவை வென்று மறுபடி சாம்பியன். விழுந்து எழுந்த கணக்கில் இவருக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆனால் நடுநடுவே பட்டம் இல்லாத சண்டைகளில் பலவீனமானவர்களை வைத்து எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டதும் உண்மை.

இரண்டு பேருக்கும் முன்னோடி போன் கிங்பெட். 1960 ஏப்ரல் 16-ல் பாங்காக்கின் லும்பினி அரங்கில் அர்ஜென்டினாவின் பாஸ்குவல் பெரெஸை வென்று, தாய்லாந்தின் முதல் உலக சாம்பியன் ஆனார். பிறகு ஜப்பானின் ஹராடாவிடமும் எபிஹாராவிடமும் பட்டத்தை இழந்து, இரண்டு முறையும் பாங்காக்கில் மீட்டார். உங்கள் வழக்கில் அவரையும் ஒரு கட்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: மேவெதர் 50-0 என்று உலகமே கொண்டாடியது. தாய்லாந்தின் வான்ஹெங் மெனாயோதின் 54-0 வரை போனாராம். அவரை ஏன் யாருக்கும் தெரியவில்லை? ஆசியக்காரர் என்பதாலா?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

ப: கொஞ்சம் அதுவும்தான். ஆனால் முக்கியமான காரணம் வேறு.

வான்ஹெங் 47.6 கிலோ மினிமம்வெயிட்காரர். 2014 நவம்பரில் டபிள்யூ.பி.சி. பட்டம் வென்றார், 2018 ஆகஸ்டில் 51-0 ஆனார். 54-0 வந்தபின், 2020 நவம்பரில் சக நாட்டுக்காரரான பன்யா பிரதாப்ஸ்ரீயிடம் புள்ளிக்கணக்கில் தோற்றார். சண்டைகள் பெரும்பாலும் தாய்லாந்து மண்ணிலேயே நடந்தன. அங்கே சாம்பியன்களை உடம்பு சூடாக வைத்திருக்க, இரண்டு பட்டச் சண்டைகளுக்கு நடுவே புது ஆட்களோடு சின்னச் சண்டைகளை ஏற்பாடு செய்வது வழக்கம். ஏமாற்று என்று சொல்ல முடியாது, தொழில் முறை. ஆனால் அந்த வெற்றிகளும் அதே கணக்கில் ஏறிவிடுகின்றன.

ஒரு வீரரின் கணக்கைப் படிக்கும்போது முதலில் தோல்வி எத்தனை என்று பார்க்காதீர்கள். யாரை வென்றார், அப்போது அந்த ஆள் எந்த நிலையில் இருந்தார், எந்த ஊரில் வென்றார் என்று பாருங்கள். ஸ்ரீசாகெட் சோர் ருங்விசாய் இதற்குச் சரியான உதாரணம். 2009-ல் முதல் சண்டையிலேயே ஜப்பானின் அகிரா யாயெகாஷியிடம் தோல்வி. முதல் ஐந்து சண்டைகளில் ஒரே ஒரு வெற்றி. நம்மூராக இருந்தால் வேறு வேலை பார் என்று சொல்லியிருப்பார்கள். 2017 மார்ச்சில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் எதிரே நின்றவர் 46-0 கணக்கோடு வந்த நிகரகுவாவின் ரோமன் கொன்சாலெஸ். எடை பாராமல் உலகின் முதல் வீரர் என்று அப்போது பேசப்பட்டவர். முதல் சுற்றிலேயே உடம்பில் விழுந்த குத்தில் கொன்சாலெஸ் கீழே விழுந்தார். தலை மோதியதற்காக ஆறாவது சுற்றில் ஸ்ரீசாகெட்டுக்கு ஒரு புள்ளி வெட்டு. அப்படியும் மூன்று நடுவர்களின் கணக்கில் 114-112, 114-112, 113-113 என்று பட்டம் அவருக்கே. அந்தத் தீர்ப்பில் சந்தேகம் கிளப்பியவர்களுக்கு செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் நான்காவது சுற்று நாக் அவுட்டில் பதில் கிடைத்தது. 2018-ல் மெக்சிகோவின் எஸ்ட்ராடாவையும் வென்றார். 2019 மறுசண்டையில் அவரிடமே பட்டத்தை இழந்தார்.

54-0 ஒரு பக்கம், இந்த இரண்டு கொன்சாலெஸ் வெற்றிகள் ஒரு பக்கம் என்றால், எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு.

கே: மூன்றாவது சண்டையிலேயே ஒருவர் உலக சாம்பியன் ஆனதாகப் படித்தேன். அது எப்படி முடியும்?
– பாலக்கோடு வாசகர்

ப: சென்சாக் முவாங்சூரின். 1975 ஜூலை 15, பாங்காக். ஸ்பெயினின் பெரிகோ ஃபெர்னாண்டஸை எட்டாவது சுற்றில் வீழ்த்தி டபிள்யூ.பி.சி. சூப்பர் லைட்வெயிட் பட்டம். எடை 63.5 கிலோ; தாய்லாந்துக்கு அபூர்வமான பெரிய எடை. 2014-ல் உக்ரைனின் லொமசென்கோ மூன்றாவது சண்டையில் பட்டம் வென்று சமன் செய்யும் வரை இந்தச் சாதனை தனியாக நின்றது. வீரபோல் சஹாப்ரோம் 1995-ல் நான்காவது சண்டையில் டபிள்யூ.பி.ஏ. பேன்டம்வெயிட் சாம்பியன், பிறகு 1998 முதல் 2005 வரை டபிள்யூ.பி.சி. பட்டத்தை வைத்திருந்தவர்.

ரகசியம் கணக்கெழுதும் முறையில் இருக்கிறது. கை, கால், முழங்கை, முழங்கால் எல்லாவற்றாலும் அடிக்கும் தாய்லாந்தின் முவாய் தாய் சண்டைகள் குத்துச்சண்டைக் கணக்கில் சேராது. அங்கே பையன்கள் பத்து வயதுக்கு முன்பே ரிங்கில் ஏறுகிறார்கள். குத்துச்சண்டைக்கு 'அறிமுகம்' ஆகும்போது பின்னால் நூற்றுக்கணக்கில் சண்டை இருக்கும். கூட்டத்தின் சத்தம், மூக்கில் ரத்தம், கடைசிச் சுற்றின் களைப்பு எதுவும் புதிதில்லை.

ஆனால் கால் சண்டையிலிருந்து வருகிறவர்களுக்குச் சில பழக்கங்கள் பகையாகும். முவாய் தாயில் முன்காலில் பாரம் குறைவாக இருக்கும், உதை வந்தால் உடனே தூக்கித் தடுக்க வேண்டுமே. உடம்பு நிமிர்ந்திருக்கும், தலையைக் குனிந்தால் முழங்கால் முகத்துக்கு வரும். இதே நிலையில் குத்துச்சண்டைக்கு வந்தால் தலை ஆடாத இலக்காகிவிடும். பாரம் முன்காலுக்கு மாறாததால் குத்து தோளிலிருந்து மட்டும் வரும், இடுப்பிலிருந்து வராது. மாற்றிக்கொள்ள வேண்டியவை: கால்களை அரை அடி கூடுதலாக அகட்டுவது, இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாக வைப்பது, முட்டியை மடக்கிப் பக்கவாட்டில் நழுவுவது, குத்து வந்தால் நேராகப் பின்னே சாய்வதை விடுவது. கடைசிப் பழக்கம் போவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

இரண்டிலும் உச்சம் தொட்டவர் சாமார்ட் பயாகரூன். லும்பினியில் நான்கு எடைகளில் முவாய் தாய் சாம்பியன்; 1986 ஜனவரியில் லூபே பின்டோரை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தி டபிள்யூ.பி.சி. சூப்பர் பேன்டம்வெயிட் பட்டம். அடுத்த ஆண்டே சிட்னியில் ஜெஃப் ஃபெனெக் நான்கே சுற்றில் அதைப் பறித்தார். சாமார்ட் சண்டைகளின் பழைய வீடியோ கிடைத்தால் அவர் கையைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள்.

கே: முவாய் தாய் பார்க்கிறேன். பத்து குத்து விட்டவன் தோற்கிறான், நாலு உதை உதைத்தவன் ஜெயிக்கிறான். ஐந்தாவது சுற்றில் இரண்டு பேரும் சும்மா சுற்றிச் சுற்றி வருகிறார்கள். என்ன கணக்கு இது?
– கடைக்காரர், காவேரிப்பட்டணம்

ப: அடி விழுந்ததா என்பதைவிட, விழுந்த அடி என்ன செய்தது என்பதற்குத்தான் அங்கே மார்க். விலாவில் சுத்தமாக விழுந்த உதை, முழங்கால் இடி, ஆளை நிலைதடுமாறச் செய்து தரையில் தள்ளுவது: இவற்றுக்கு மதிப்பு அதிகம். குத்து விழுந்தும் எதிராளி அசையவில்லை என்றால் நடுவர் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. உதையை முன்கால் எலும்பால் தடுத்துவிட்டால் உதைத்தவனுக்குப் பலன் இல்லை. உதைத்தபின் தடுமாறினால் அதுவும் அவனுக்கே பாதகம்.

மூன்று நிமிடச் சுற்று ஐந்து, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. முதல் இரண்டு சுற்று ஆழம் பார்ப்பது. மூன்றும் நான்கும்தான் தீர்ப்பை எழுதும். நான்காவது முடிவில் முன்னிலையில் இருப்பவர், ஐந்தில் எதிராளியை அண்டவிடாமல் முன்காலால் தள்ளித் தள்ளி நேரத்தைக் கடத்துவார். பின்தங்கியவரும் எட்டாது என்று தெரிந்தால் கையை இறக்கிவிடுவார். அடுத்த மாதமே இன்னொரு சண்டை இருக்கும், வீணாக உடம்பைக் கெடுத்துக்கொள்வானேன் என்ற கணக்கு. அரங்கில் புழங்கும் பந்தயப் பணமும் இந்த வழக்கத்தை வளர்த்தது.

முழங்கால் இடிக்கு என்ன விலை என்று பார்க்க டீசல்நோய் சோர் தனசுகார்ன் போதும். நெடிய உருவம், கழுத்தைப் பிடித்தால் விடமாட்டார். 1980-களின் முதல் பாதியில் லும்பினி லைட்வெயிட் பட்டம் அவரிடம். மோத ஆள் கிடைக்காமலே பட்டத்தை விட்டுக்கொடுத்தவர்.

2023 ஜனவரி முதல் வெள்ளிக்கிழமைகளில் லும்பினியில் 'ஒன் சாம்பியன்ஷிப்' என்ற நிறுவனம் நடத்தும் சண்டைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே 4 அவுன்ஸ் கிளவுஸ், மூன்று சுற்று. சும்மா சுற்றி வர நேரமே இல்லை, குத்துக்கும் மதிப்பு கூடிவிட்டது.

கே: ஒலிம்பிக்கில் தாய்லாந்து குத்துச்சண்டைப் பதக்கங்கள் எத்தனை? பள்ளி விநாடி வினாவுக்கு வேண்டும். பெண்களும் வென்றிருக்கிறார்களா?
– ஆசிரியை, ஊத்தங்கரை

ப: பாரிஸ் 2024 வரை 16: தங்கம் 4, வெள்ளி 4, வெண்கலம் 8.

தங்கம் நான்கு: சோம்லக் காம்சிங் (1996, அட்லாண்டா), விஜான் போன்லிட் (2000, சிட்னி), மனுஸ் பூன்ஜும்னோங் (2004, ஏதென்ஸ்), சோம்ஜித் ஜோங்ஜோஹோர் (2008, பெய்ஜிங்). நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து நான்கு தங்கம். சோம்லக்கின் தங்கம்தான் எந்த விளையாட்டிலும் தாய்லாந்தின் முதல் ஒலிம்பிக் தங்கம். இறுதியில் அவர் 8-5 என்று வென்றது பல்கேரியாவின் செராஃபிம் தொடோரொவை; அந்தத் தொடோரொவ் அரையிறுதியில் வென்றது மேவெதரை. விநாடி வினாவுக்கு நல்ல கேள்வி.

நாட்டின் முதல் பதக்கமும் குத்துச்சண்டையில்தான்: 1976 மான்ட்ரியலில் பயாவோ பூன்தாராட்டின் வெண்கலம். மனுஸ் 2008-ல் வெள்ளியும் சேர்த்தார். 2012 லண்டனில் கேவ் பொங்பிரயூன், சீனாவின் ஸூ ஷிமிங்கிடம் 13-10 என்று தோற்று வெள்ளியோடு திரும்பினார். கடைசிச் சுற்றின் தண்டப் புள்ளி இன்றும் அங்கே ஆறாத புண். அதற்குப் பிறகு ஆண்களுக்குப் பதக்கமே இல்லை. 48–49 கிலோ பிரிவு டோக்கியோவில் எடுக்கப்பட்டதும் ஒரு காரணம். ஐம்பது கிலோவுக்குக் கீழேதான் அவர்களிடம் ஆள் அதிகம்.

பெண்கள்: டோக்கியோவில் சுதாபோன் சீசோன்டீ (60 கிலோ), பாரிஸில் ஜன்ஜேம் சுவன்னபெங் (66 கிலோ), இருவரும் வெண்கலம். ஒப்பிட்டுச் சொல்ல நம் கணக்கு: விஜேந்தர் (2008), மேரி கோம் (2012), லவ்லினா (2020), மூன்றும் வெண்கலம். முவாய் தாய்க்கு 2021-ல் ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரம் கிடைத்தாலும் ஒலிம்பிக் போட்டிகளில் அது இன்னும் சேரவில்லை.

கே: பையனுக்கு 15 வயது, 46 கிலோ. வீட்டுப் பின்னால் மாமரத்தில் மணல் மூட்டை கட்டிக் குத்துகிறான். மணிக்கட்டு வீங்குகிறது. தாய்லாந்துக்காரர்கள் எதில் குத்துகிறார்கள்?
– விவசாயி, பென்னாகரம்

ப: முதலில் அந்த மணலைக் கொட்டிவிடுங்கள். வீக்கம் வடிந்து, கையை ஊன்றினால் வலி இல்லை என்ற பிறகே மறுபடி குத்த விடுங்கள். வலி ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

மணல் நாள் ஆக ஆக அடியில் இறங்கிக் கல் மாதிரி இறுகும். மேல்பாதி தளர்ந்து கிடக்கும். குத்து ஒரு நாள் மெத்தென்று போகும், அடுத்த நாள் இரண்டு அங்குலம் கீழே பட்டு மணிக்கட்டு மடங்கும். தாய்லாந்துப் பயிற்சிக் கூடங்களின் பேகில் இருப்பது பெரும்பாலும் துணிதான். ஓசூர்ப் பட்டறைகளில் மெஷின் துடைக்கும் காட்டன் வேஸ்ட், தையல் கடையில் விழும் வெட்டுத்துணி போதும். பட்டன், ஜிப், கொக்கி இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். தடித்த தார்ப்பாய்த் துணியில் நான்கடி உயரப் பை; ஒரு சாண் உயரம் போட்டதும் உலக்கையால் இடித்து இறுக்குங்கள், பிறகு அடுத்த அடுக்கு. ஓரத்தைச் சுற்றி முதலில் இடியுங்கள், நடுவில் பிறகு. மொத்த எடை 23–25 கிலோ, அதாவது அவன் எடையில் பாதி. கொஞ்ச நாளில் துணி இறங்கும். மேலே திறந்து மறுபடி நிரப்ப வேண்டும். உதைப் பயிற்சியும் வேண்டுமென்றால் ஆறடிப் பை, அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு சாண்.

மாமரக் கிளை சட்டென்று முறியும். ஈரம் பட்டால் துணியும் அழுகும். சிமென்ட் ஷீட் கொட்டகையின் பைப்பில் கட்டினால் ஷீட் விரியும். இரும்புச் சங்கிலியும் சுழலும் கொக்கியும் போட்டு கான்கிரீட் விட்டத்தில் மாட்டுங்கள்.

பேகைவிட முக்கியம் கைக்கட்டு. 4.5 மீட்டர் நீளம் வாங்குங்கள்; குட்டைக் கட்டு மணிக்கட்டோடு தீர்ந்துவிடும். விரல்களை நன்றாக விரித்து வைத்துக் கட்ட வேண்டும், மடக்கிக் கட்டினால் பிறகு இறுக்கம் தெரியாது. வளையம் கட்டைவிரலில். புறங்கை வழியாக மணிக்கட்டுக்கு மூன்று சுற்று, விரல் கணுக்களின் மேல் மூன்று சுற்று. பிறகு சுண்டுவிரல்–மோதிரவிரல் நடுவே, அடுத்து மோதிரவிரல்–நடுவிரல், அடுத்து நடுவிரல்–ஆள்காட்டி. ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் அடிக்குத் திரும்பி வர வேண்டும். கட்டைவிரலுக்கு ஒரு சுற்று, கணுவுக்கு மறுபடி, மிச்சமெல்லாம் மணிக்கட்டுக்கு. முடித்ததும் முஷ்டி பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனி மரத்தால் பிரித்துக் கட்டுங்கள். மேலே 12 அவுன்ஸ் கிளவுஸ். முதல் மாதம் முழு வேகத்தில் குத்த விடாதீர்கள். ஆள்காட்டி, நடுவிரல் கணு இரண்டும் முதலில் படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கே: தம்பி 53 கிலோ. மாவட்டப் போட்டிக்கு இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்து 50-ல் இறங்கலாம் என்கிறான். தாய்லாந்து வீரர்கள் அப்படித்தானே செய்கிறார்கள்?
– தேன்கனிக்கோட்டை வாசகி

ப: தொழில்முறைச் சண்டைக்கு எடை பார்ப்பது முந்தின நாள். இறக்கிய நீரை ஏற்றிக்கொள்ள ஒரு பகல், ஒரு இரவு கிடைக்கும். அமெச்சூர் போட்டியில் மோதும் நாள் காலையிலேயே எடை. உங்கள் தம்பி காய்ந்த உடம்போடுதான் ரிங்கில் ஏறுவார்: கால் பிடித்துக்கொள்ளும், கண் தாமதிக்கும், தலையில் விழும் குத்து ஆபத்தாகும். வேண்டாம்.

அனுபவசாலிகளுக்கே இது சறுக்குகிறது. ரொட்டாங் ஜித்முவாங்னொன் 2024 நவம்பரில் எடை வரம்புக்குள் வராமல், சண்டைக்கு முன்பே ஒன் சாம்பியன்ஷிப் ஃப்ளைவெயிட் முவாய் தாய் பெல்ட்டை இழந்தார். மறுநாள் சண்டையில் ஜெயித்தும் பெல்ட் திரும்பவில்லை.

குறைத்தே ஆக வேண்டுமென்றால் வாரம் அரை கிலோ, ஆறு வாரம். களியை நிறுத்த வேண்டியதில்லை: காலை ஓட்டத்துக்குப் பின் ஒரு உருண்டை, ராத்திரி பாதி, கூடவே முட்டை அல்லது பயறு. நிறுத்த வேண்டியது சர்க்கரை போட்ட டீயும் போண்டாவும். எடையைத் தினமும் ஒரே தராசில், காலைக்கடன் முடித்ததும் பாருங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் இதுவும் வேண்டாம். 53 கிலோவுக்கு உரிய பிரிவிலேயே நிற்கட்டும்.

கே: புவாகாவ் பஞ்சாமெக் முவாய் தாய் வீரரா, கிக் பாக்ஸரா?
– பர்கூர் வாசகர்

ப: பயிற்சி முவாய் தாய், உலகப் புகழ் கிக் பாக்ஸிங்கில். கே-1 வேர்ல்டு மேக்ஸ் என்ற கிக் பாக்ஸிங் போட்டியில் 2004-ல் ஜப்பானின் மசாட்டோவையும், 2006-ல் நெதர்லாந்தின் ஆண்டி சௌவரையும் இறுதியில் வென்றார். அங்கே முழங்கைக்குத் தடை, கழுத்துப்பிடிக்கும் கட்டுப்பாடு. பாதி ஆயுதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போய் இரண்டு முறை கோப்பையோடு வந்தவர்.